கைத்தொலைபேசியில் தொலையும் ஷெல் சத்தம்

போர்க்காலத்தைப் பேசும் நம் குறும்படங்களைப் பலர் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். தூரத்தில் விழும் ஷெல்லின் அதிர்வை 80 ஹேர்ட்ஸில் மட்டும் அமைத்தால், அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் அது கேட்காது. தாய் ஏன் திடுக்கிட்டுப் பிள்ளையை அணைக்கிறாள் என்பதும் புரியாது.

சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. தாழ்ந்த மீடிறனுக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். சின்னத் தகட்டால் அது முடியாது, கரகரப்புத்தான் மிஞ்சும்.

வழியைப் பழைய தொலைபேசியே காட்டுகிறது. அது 300 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதைப் பெரும்பாலும் கடத்தாது. ஆண்குரலின் அடிப்படை மீடிறன் 100 முதல் 150 வரைதான். ஆனாலும் அப்பாவின் கட்டைக்குரல் கட்டையாகவே கேட்டது. மேலேயுள்ள மடங்குகளைக் கொண்டு, இல்லாத அடிப்படையை மூளை ஊகித்துக்கொள்கிறது.

ஆகவே ஒலிக்கலவையில் அந்த அதிர்வைப் பிரதியெடுத்து, பிரதியை மட்டும் சற்றுச் சிதைப்பேன். 320, 400, 480 என மடங்குகள் பிறக்கும். பிரதியின் அடிப்பகுதியை வெட்டிவிட்டு, மூலத்தோடு மெல்லச் சேர்ப்பேன். யன்னல் நடுங்கும் ஒலியும், தகரக்கூரையின் கிடுகிடுப்பும் கூடத் துணைவரும்.

மூலத்தை அழிப்பதில்லை; திரையரங்கில் அதுதான் நெஞ்சை அதிரவைக்கும். கைத்தொலைபேசியிலோ, தாயின் பயத்துக்கான காரணமாவது கேட்கும்.