தொடக்கநிலை மண்தட விசையுந்து

மண்தட விசையுந்து என்பது காட்டுத்தடம், மணல், பாறைச் சரிவு போன்ற கரடுமுரடான இடங்களில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட எடை குறைந்த மோட்டார் சைக்கிள் ஆகும். புதிதாகப் பழகுபவர் இயந்திரக் கொள்ளளவை மட்டும் பார்த்து இதனைத் தேர்ந்தெடுப்பது இடர் தரக்கூடியது.

ஹோண்டா நிறுவனத்தின் சி.ஆர்.எப்.250ஆர், 2019 ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகமான சி.ஆர்.எப்.250எப் ஆகிய இரண்டும் 249 க.செ.மீ. கொள்ளளவு உடையவை. முன்னது மோட்டோகிராஸ் பந்தயத்திற்கானது. இதன் இயந்திரம் மிகுந்த சுழற்சி வேகத்தில் சட்டென வலுப்பெறும். பழகாத கை முறுக்கினால் வண்டி முந்திப் பாய்ந்துவிடும். பிஸ்டன் முதலியவற்றை ஓட்டிய மணிக்கணக்கைக் கொண்டு மாற்றவும் வேண்டும். பின்னது காட்டுத்தடத்திற்கானது; காற்றால் குளிர்விக்கப்படுவது. சுமார் 120 கிலோகிராம் எடையுள்ள இது பந்தய வண்டியை விடக் கனமானது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் குறைந்த வேகத்திலேயே சீராக இழுப்பதால் இதனை அடக்கி ஓட்டுவது எளிது.

இருக்கை உயரமே முதலில் கவனிக்கத்தக்கது. பந்தய வண்டியில் இது ஏறத்தாழ 96 செ.மீ., மற்றதில் 88 செ.மீ. சரிவில் இயந்திரம் நின்றுவிட்டால் கால் தரையில் ஊன்ற வேண்டும். எட்டாவிடில் வண்டி ஓட்டுநரின் காலின் மீதே சாயும். உயரம் குறைந்தோருக்கு யமஹா டிடி-ஆர்125எல்ஈ (சுமார் 80 செ.மீ.) போன்றவை பொருந்தும். மின்விசைத் தொடக்கியும் அத்தகைய இடத்தில் பெரிதும் உதவும்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் காடுகளில் புகைபோக்கியில் தீப்பொறித் தடுப்பி இருத்தல் கட்டாயம். பந்தய வண்டிகளில் பொதுவாக இது பொருத்தப்பட்டிருப்பதில்லை.