தொப்புள்கொடி ரத்தம்: யாரிடம் எடுப்பார்கள், யாருக்கு ‘வேண்டாம்’ என்பார்கள்?

குத்தம்பாக்கம் பக்கத்துக் கர்ப்பிணிகள் ஸ்கேன் எடுக்கப் பூந்தமல்லிக்கோ தண்டலத்துக்கோ போனால், ரிப்போர்ட்டோடு ஒரு வழவழப்பான துண்டறிக்கையும் கைக்கு வந்துவிடுகிறது. குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லும் அறிக்கை. ‘தானம் என்கிறார்கள், பணமும் கட்டச் சொல்கிறார்கள், எது உண்மை?’ என்று கேட்கிறார்கள். இரண்டும் உண்மைதான். முன்பின் தெரியாத நோயாளிக்காகச் சேமிப்பது பொது வங்கி. உங்கள் குடும்பத்துக்கென்று கட்டணம் வாங்கிச் சேமிப்பது தனியார் வங்கி. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற சந்தேகங்கள் பாதி தீர்ந்துவிடும்.

குழந்தைக்கு வலிக்குமா? அதன் ரத்தத்தைத்தான் உறிஞ்சுகிறார்களா?

இல்லை. குழந்தை பிறந்து, கொடியை வெட்டிய பிறகு, நஞ்சிலும் கொடியிலும் தங்கியிருக்கும் ரத்தத்தைத்தான் பையில் வடிக்கிறார்கள். பெரும்பாலும் 60 முதல் 150 மில்லி வரை கிடைக்கும். அதில் ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் செலுத்தப்படுபவையும் இதே வகைதான். 1988இல் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியன் கிளக்மன் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை இருந்த ஒரு சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது எடுத்த ரத்தத்தைச் செலுத்தினார்கள். உலகில் அதுவே முதல் முறை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். குழந்தை பிறந்து ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் கொடியை இறுக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அந்த நேரத்தில் குழந்தைக்குள் போகும் ரத்தம் அதற்குப் பல மாதங்களுக்கான இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. பை நிறைய வேண்டும் என்பதற்காக அவசரமாகக் கொடியை இறுக்கச் சம்மதிக்காதீர்கள்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பிறகு ஏன் இவ்வளவு கேள்வி?

ரத்ததானத்தில் ஒருவர் உடல்நிலையைப் பார்த்தால் போதும். இங்கே கொடுப்பவர் இப்போதுதான் பிறந்த குழந்தை. அதனிடம் எதுவும் கேட்க முடியாது. அதனால் தாயின் உடம்பு, இரு தரப்புக் குடும்ப வரலாறு, பிரசவம் நடந்த விதம் என்று மூன்று வழியாகக் குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள்.

தாயிடம் முதலில் தொற்று பற்றிக் கேட்பார்கள். மருந்து, அழகுப் பொருள் விதிகளில் 2011 டிசம்பரில் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, தாயின் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா, சைட்டோமெகலோ வைரஸ், எச்.டி.எல்.வி. ஆகியவற்றுக்கான சோதனை கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்ப காலத்தில் எடுத்த ரிப்போர்ட் இதற்குப் போதாது. பிரசவத்தையொட்டி, வழக்கமாக ஏழு நாளுக்குள், தாயிடம் புதிதாக ரத்தம் எடுப்பார்கள். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா, பச்சை குத்தினீர்களா, மஞ்சள் காமாலை வந்ததா என்றும் கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் பாதிக்கப்படுவது கீமோதெரபியால் எதிர்ப்பு சக்தியை அடியோடு இழந்து படுத்திருக்கும் ஒருவர்.

அடுத்தது பிரசவ அறை. குறைந்தது 34 வாரம் முடிந்திருக்க வேண்டும்; சில வங்கிகள் 37 கேட்கும். பனிக்குடம் உடைந்து 24 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, வலியின்போது தாய்க்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ பொதுவாக எடுப்பதில்லை. கிருமி கலந்திருக்கலாம் என்ற அச்சம்தான் காரணம். இரட்டைக் குழந்தை என்றால் பல பொது வங்கிகள் ஒதுங்கிக்கொள்கின்றன. பைகள் மாறிப்போகக் கூடாது. ஒவ்வொரு கொடியிலும் கிடைக்கும் அளவும் குறைவு. சிசேரியன் தடையே இல்லை.

மாமனையே கட்டிக்கொண்டேன். அதனால் வேண்டாம் என்பார்களா?

அதற்காக மட்டும் யாரும் தள்ளுவதில்லை. ஆனால் சொந்தத்தில் மணம் செய்தவர்களிடம் குடும்ப வரலாற்றைத் துருவித் துருவிக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை, பிறவியிலேயே எதிர்ப்பு சக்திக் குறைபாடு போன்றவை ஒரு வம்சத்தில் மறைந்து வரக்கூடியவை. இரண்டு பக்கமும் ஒரே தாத்தா பாட்டி என்றால் அவை வெளிப்படும் வாய்ப்பு கூடும். ‘எங்க குடும்பத்துல அப்படி எதுவும் கிடையாது’ என்று மாமியார் முந்திக்கொண்டு பதில் சொல்வது வழக்கம். கைக்குழந்தையாகவே இறந்துபோன பெரியப்பா பிள்ளை, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட அத்தை மகள் என்று யோசித்துச் சொன்னால்தான் அது பதில்.

எல்லாம் சரியாக இருந்தது, ரத்தமும் எடுத்தார்கள். பிறகு ‘சேமிக்கவில்லை’ என்றார்களே?

செல் எண்ணிக்கை போதாமல் இருந்திருக்கும். கணக்கு எளிது. நோயாளியின் எடையில் கிலோவுக்குச் சுமார் இரண்டரைக் கோடி செல்களாவது வேண்டும். 20 கிலோ குழந்தைக்கு 50 கோடி. 60 கிலோ பெரியவருக்கு 150 கோடி. பல பொது வங்கிகள் 90 கோடிக்குக் குறைவான பையைக் கையால் தொடுவதில்லை. சோதித்து, உறைய வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் காப்பது பெருஞ்செலவு. யாருக்கும் பயன்படாத பைக்கு அதைச் செலவிட அவர்களால் ஆகாது. எடுத்த பைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கழிகின்றன. இதில் தாயின் குறையோ குழந்தையின் குறையோ எதுவும் இல்லை.

தனியார் வங்கிக்காரர் இப்படியெல்லாம் தள்ளவில்லையே?

அவரைப் பொறுத்தவரை நீங்கள் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர். சட்டப்படியான சோதனைகள் அவருக்கும் உண்டு. ஆனால் செல் குறைவாக இருந்தாலும் குடும்பத்துக்கென்று சேமிக்கலாம். பொது வங்கி வடிகட்டுவதைப் போல வடிகட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. என் கணிப்பில், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வங்கியை நம்பலாம்.

குழந்தையின் ரத்தம் அதே குழந்தைக்குப் பின்னாளில் பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. தலசீமியா மரபணுவில் வருவது. சேமித்த ரத்தத்திலும் அதே கோளாறுதான் இருக்கும். குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோயின் வித்துகூடப் பிறவியிலேயே இருக்கலாம். சேமிப்பின் தரத்துக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் 2023 நவம்பரில் கார்டுலைஃப் நிறுவனத்தின் தொட்டிகளில் வெப்பநிலை தவறியது வெளிவந்தது. சுமார் 2,150 வாடிக்கையாளர்களின் 2,200 ரத்தப் பைகள் வீணாயின. சிக்கனமாகக் குடும்பம் நடத்துபவர்கள் நகையை அடகு வைத்து இதற்குப் பணம் கட்டுவது தேவையற்றது.

மூத்த பிள்ளைக்குத் தலசீமியா. இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது...

நீங்கள் விதிவிலக்கு. பொது வங்கி உங்களைத் தள்ளிவிடும். ஆனால் அந்த நோய்தான் உங்கள் குழந்தையின் ரத்தத்தைச் சேமிக்க நியாயமான காரணமும். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்ற தீவிர வகை இல்லாமல் இருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. மூத்த பிள்ளையோடு திசுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டும் ஒன்றாக அமைவது பதினாறில் மூன்று. இப்போதே ரத்தநோய் நிபுணரைப் பாருங்கள். இந்தியாவில் தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1986இலேயே தொடங்கிய வேலூர் சி.எம்.சி., உங்கள் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில். கையெழுத்து யார், எப்போது போட வேண்டும்?

தாய்தான்; கணவரோ மாமனாரோ அவருக்குப் பதிலாகப் போட முடியாது. வலி எடுத்த பிறகு நீட்டும் காகிதத்தில் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. முன்னதாகவே படித்து, கேள்வி கேட்டு முடிவு செய்ய வேண்டும். பொது வங்கிக்கான தானம், அந்த வங்கியோடு ஏற்பாடு உள்ள மருத்துவமனையில் மட்டுமே நடக்கும். வளைகாப்பு முடிந்து ஊர் மாறினால் அந்த ஏற்பாடும் கைவிட்டுப் போகும். வங்கிக்கு 28-எஃப் படிவ உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தகுதி இல்லை என்று சொல்லிவிட்டால்?

வேறு வழி இருக்கிறது. பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்தே மஜ்ஜை மாற்றும் முறை வளர்ந்ததால், தொப்புள்கொடி ரத்தத்தின் தேவை உலகெங்கும் குறைந்துவருகிறது. சென்னையில் பொதுத் தொப்புள்கொடி வங்கி நடத்திய ஜீவன் அமைப்பும் வயது வந்த ஸ்டெம் செல் கொடையாளர்களைப் பதிவு செய்யும் பணிக்கு வந்தது. 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி பதிவகத்தில் 18 முதல் 50 வயது வரையுள்ளவர்கள், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருக்கும் அப்பாக்களும் சித்தப்பாக்களும் மாமன்களும் இந்தப் பதிவைச் செய்யலாமே!