உஷார்! மேஜரில் முதல் மார்க் வாங்கியும் பட்டம் நிற்கலாம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிக்கும் பிள்ளைகளே, அவர்களைப் படிக்க அனுப்பிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் பெற்றோர்களே! வரலாறோ பொருளியலோ தமிழோ, எடுத்த மேஜரில் அத்தனை பேப்பரும் பாஸாகியும் பட்டம் வராமல் போக வழி இருக்கிறது. அந்த வழி பெரிய பேப்பரில் இல்லை. "அதெல்லாம் சைடு பேப்பர், கடைசில பாத்துக்கலாம்" என்று முதல் வருடத்தில் எவரோ ஒரு சீனியர் சொல்லி, நாமும் நம்பி ஒதுக்கிவைத்த ரெண்டு கிரெடிட் பேப்பரில் இருக்கிறது.

கலைப் பட்டம் என்பது மேஜர் மட்டும் இல்லை. மொழி, ஆங்கிலம், சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, வேறு துறைப் பாடம், சமூகப் பணி எல்லாம் சேர்ந்தால்தான் பட்டம். இதை அட்மிஷன் அன்றைக்கே யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. அதையோ யாரும் புரட்டுவதில்லை.

140-ல் ஒன்று குறைந்தாலும் குறைதான்

மன்னர் கல்லூரி, அரசு மகளிர் கலைக் கல்லூரி உட்பட இந்த மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பட்டம் கொடுப்பது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். அதன் கிரெடிட் முறையில் மூன்று வருட இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் தேவை. அந்த 140 ஐந்து பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது.

பார்ட் ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி. பார்ட் இரண்டு ஆங்கிலம். பார்ட் மூன்றில் மேஜரும் அலைடும் வரும். பார்ட் நான்கில் விழுமியக் கல்வி, சுற்றுச்சூழல் கல்வி, பிற துறை விருப்பப் பாடமான என்.எம்.இ., திறன் பாடங்கள், சாஃப்ட் ஸ்கில் இருக்கும். பார்ட் ஐந்தில் விரிவாக்கப் பணியும் பாலினக் கல்வியும்.

இதில் எல்லோர் கண்ணும் பார்ட் மூன்றின் மேல்தான். ரேங்க், மெடல், முதல் வகுப்பு எல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது. பார்ட் ஐந்தில் ஒரு பேப்பருக்கு ஒரே ஒரு கிரெடிட்; அதை எண்ணிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. ஆனால் கணக்கு 139-ல் நின்றால் நின்றதுதான். மேஜரில் நீங்கள் வாங்கிய 85-ஐ வெட்டி அந்த ஒரு கிரெடிட்டை நிரப்ப எந்த விதியும் இடம் கொடுக்காது.

புகழ்பெற்ற 25: இன்டர்னல்

அடுத்த குழி இன்டர்னலில். ஒரு தியரி பேப்பருக்கு 100 மார்க் என்றால் 25 இன்டர்னல், 75 செமஸ்டர் தேர்வு என்பது பாரதிதாசன் பல்கலையின் வழக்கமான பிரிப்பு. இரண்டிலும் தனித்தனியாக 40 சதவீதம் எடுக்க வேண்டும்: 25-க்கு 10, 75-க்கு 30.

ஒரு மாணவிக்குச் செமஸ்டரில் 52, இன்டர்னலில் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 60. வீட்டில் எல்லோருக்கும் அது பாஸ் மார்க்காகத்தான் தெரியும். விதியின் கணக்கில் அவர் ஃபெயில். அசைன்மென்ட் கொடுக்கவில்லை, மாடல் தேர்வன்று உறவுக்காரர் கல்யாணம், செமினார் நாளில் பஸ் வரவில்லை: இவ்வளவு போதும். சைடு பேப்பர்களில்தான் இந்த அசட்டை அதிகம். இன்டர்னலில் விழுந்தவருக்கு மறுவாய்ப்பு உண்டா, எப்படி என்பது கல்லூரிக்குக் கல்லூரி, விதிமுறை ஆண்டுக்கு ஆண்டு மாறும். விழுந்த பிறகு விசாரிக்காதீர்கள். விழுவதற்கு முன் கேளுங்கள்.

என்.எம்.இ.: தோழி எடுத்ததை எடுக்காதீர்கள்

பிற துறைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் கேன்டீனில் முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். "அந்த டிபார்ட்மென்ட்ல மார்க் போடுவாங்களாம்" என்ற ஒரே தகவலோடு பெயர் கொடுத்துவிடுவார்கள். இங்கே ஒரு முக்கியமான விதி மறைந்திருக்கிறது.

பார்ட் ஒன்றில் தமிழ் எடுத்தவர்கள் வேறு துறை எதையும் தேர்ந்தெடுக்கலாம். பார்ட் ஒன்றில் தமிழ் எடுக்காதவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பள்ளியில் தமிழே படிக்காதவர் என்றால் அடிப்படைத் தமிழ். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்கு மாறியவர் என்றால் சிறப்புத் தமிழ். இது தெரியாமல் வேறு பாடத்தில் உட்கார்ந்து எழுதி வந்தால், கடைசிச் செமஸ்டரில் மார்க் பட்டியலைச் சரிபார்க்கும்போதுதான் தலையில் இடி இறங்கும்.

இ.வி.எஸ்.: உச்ச நீதிமன்றம் வைத்த பேப்பர்

சுற்றுச்சூழல் கல்வியைப் போல எளிதாக நினைத்து ஏமாறும் பேப்பர் வேறு இல்லை. "பொது அறிவுதானே, எழுதிடலாம்" என்று போகிறார்கள். இந்தப் பேப்பர் கல்லூரி தன் விருப்பத்துக்கு வைத்தது இல்லை. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைச் செயல்படுத்தச் சொல்லி 2003-ல் மீண்டும் அழுத்தம் கொடுத்தது. அதன் பிறகு யு.ஜி.சி. எல்லா இளநிலைப் பட்டத்துக்கும் பொதுவான பாடத்திட்டம் வகுத்தது. ஆகவே பிரின்சிபாலே நினைத்தாலும் இதிலிருந்து யாருக்கும் விலக்கு தர முடியாது.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இந்தப் பேப்பரில் தோற்பது இன்னும் வருத்தம். 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராடியபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் இருக்கின்றன. தைல மரக் காடுகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன என்ற சண்டை இங்கே டீக்கடைப் பேச்சு. இத்தனையும் கண்முன் நடந்த ஊரில் இருந்துகொண்டு, எங்கோ அச்சான கைடில் அமேசான் காட்டை மனப்பாடம் செய்து எழுதி, யூனிட் இரண்டில் மாட்டிக்கொள்கிறோம். பாடத்திட்டத்தை ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு, ஒவ்வொரு யூனிட்டுக்கும் சொந்த ஊரிலிருந்து ஒரு எடுத்துக்காட்டு குறித்துவையுங்கள். மார்க்கும் வரும், மறக்கவும் மறக்காது.

ஆங்கிலம்: சேரச் சேர மலை

பார்ட் இரண்டு நான்கு செமஸ்டர். முதல் செமஸ்டரில் ஒன்று போனால், இரண்டாவதில் புதிதும் பழையதும் சேர்த்து இரண்டு. நான்காவது முடியும்போது நான்கும் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் மேஜர் பேப்பர்களும் கனத்துவிடும். தமிழ் வழியில் பன்னிரண்டு வரை படித்து வந்தவருக்கு முதல் செமஸ்டர் ஆங்கிலம் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தோடு மூன்றாம் வருடத்துக்குத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அரியர் ஒன்றாக இருக்கும்போதே அடுத்த வாய்ப்பில் அடைத்துவிடுங்கள். இடையில் பாடத்திட்டம் மாறினால் பழைய பேப்பருக்குக் கேள்வி வருவதும் குறிப்பிட்ட காலம் வரைதான்; நோட்ஸ் கிடைப்பதும் கஷ்டம்.

பக்கத்துக் கல்லூரி நோட்ஸ் வேண்டாம்

மன்னர் கல்லூரியும் அரசு மகளிர் கல்லூரியும் தன்னாட்சிக் கல்லூரிகள். பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தாலும் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் அவர்களுடையவை. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகமே தேர்வு நடத்தும். ஒரே பெயர், வேறு பாடம்! அக்கா ஒரு கல்லூரியில் எழுதிய விழுமியக் கல்வி நோட்ஸைத் தம்பி இன்னொரு கல்லூரியில் படித்துவிட்டுப் போனால் யார் மேல் தப்பு? பேப்பரின் பெயரைப் பார்க்காதீர்கள். பேப்பர் கோடைப் பாருங்கள்.

இதே எச்சரிக்கை யூடியூபுக்கும் பொருந்தும். "120 கிரெடிட் போதும்" என்று ஒரு வீடியோ சொல்லும். அது 2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட சட்டகத்தின் கணக்கு: மூன்று வருடத்துக்கு 120, நான்கு வருட ஆனர்ஸுக்கு 160. அமெரிக்கக் கல்லூரிகளின் ஜெனரல் எஜுகேஷன் பற்றிப் பேசும் வீடியோக்களிலும் பெரும்பாலும் 120 என்றே வரும். வேறெங்கோ சரியான எண், கீரனூரிலிருந்து பஸ் ஏறி வரும் உங்களுக்குச் சரியாகாது.

நான் முதல்வன், என்.எஸ்.எஸ்.: கையெழுத்து போட்டால் முடிந்ததா?

2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகள் கலைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளும் வந்துவிட்டன. உங்கள் செமஸ்டரில் அதற்குக் கிரெடிட் ஒதுக்கியிருந்தால், ஆன்லைனில் பதிவு செய்வதும் மதிப்பீட்டை முடிப்பதும் உங்கள் வேலை. போன் நம்பர் மாறிவிட்டது, ஓ.டி.பி. வரவில்லை என்று கடைசி நாளில் ஓடாதீர்கள்.

விரிவாக்கப் பணியும் அப்படித்தான். என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரமும் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடிக்க வேண்டும். பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, வருகை ஏறியிருக்கிறதா என்று வருடா வருடம் பாருங்கள். மூன்றாம் வருடத்தில் பொறுப்பாசிரியர் மாறியிருப்பார். பழைய பதிவேட்டைத் தேடுவது உங்கள் தலையில் விழும்.

தாமதத்தின் விலை

ஒரு சைடு பேப்பர் அரியருக்காக ஆறு மாதம் போனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 போன்ற பட்டத் தகுதித் தேர்வுகளில், அறிவிக்கை வெளியான தேதியில் உங்களிடம் அந்தத் தகுதி இருக்க வேண்டும். மறுநாள் ரிசல்ட் வந்தாலும் அந்த அறிவிக்கை உங்களுக்கு இல்லை. பி.எட். சேர்க்கை, முதுநிலைச் சேர்க்கை எல்லாம் காலண்டர் பார்த்துத்தான் நடக்கும். உங்கள் அரியருக்காக ஒரு கதவும் திறந்து நிற்காது.

தமிழ்ப் பேப்பரை அலட்சியம் செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி, மாநில அரசுப் பணித் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த்தாளில் குறைந்தது 40 சதவீதம் எடுக்க வேண்டும். நான்கு செமஸ்டர் பார்ட் ஒன்று தமிழ் அதற்குக் காசில்லாத பயிற்சி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை வேண்டும் என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். பட்டப் படிப்பில் சேரும்போது மீடியம் என்ன என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

யாருக்கு அடி அதிகம்?

இந்த அலட்சியத்தின் அடி எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. வீட்டில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர் இருந்தால் அவர் சொல்லிவிடுவார். முதல் பட்டதாரிக்குச் சொல்ல ஆள் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி காலத்தில் புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்குள் ஒரு பெண் நுழைவதே சண்டையாக இருந்தது; எதிர்ப்பை மீறி மன்னர் அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது இந்த மாவட்டத்துப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அந்தப் பெண்களின் பேத்திகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். நுழைய இப்போது தடை இல்லை. உள்ளே போன பிறகு, படிக்கப்படாத விதிமுறைப் புத்தகம் தடையாக நிற்கிறது. கல்லூரிகளும் இதில் பொறுப்பேற்க வேண்டும்: முதல் வாரத்திலேயே ஐந்து பகுதிகளையும் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் பாதி அரியர் வராமலே போகும். அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாரமே செய்யுங்கள்

நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான விதிமுறையையும் பாடத்திட்டத்தையும் கல்லூரி அல்லது பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்த பேட்ச்சுடையது வேண்டாம்.

ஒரு நோட்டில் ஐந்து பகுதிக்கும் ஐந்து பக்கம் ஒதுக்குங்கள். பேப்பர் கோட், கிரெடிட், இன்டர்னல், எக்ஸ்டர்னல், பாஸா இல்லையா என்று செமஸ்டருக்குச் செமஸ்டர் எழுதுங்கள். மார்க் ஷீட் வந்த அன்றே எழுதுங்கள்.

ஹால் டிக்கெட் வந்தவுடன் அரியர் பேப்பர் கோடும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் கட்டிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகிறதா என்று மாதாமாதம் கேளுங்கள்; சைடு பேப்பர் வகுப்பைக் கட் அடித்தாலும் வருகை குறையும்.

பெற்றோர்களே, "எல்லாம் பாஸா?" என்று கேட்காதீர்கள், "ஆமாம்" என்று ஒரு வார்த்தையில் பதில் வந்துவிடும். "அஞ்சு பார்ட்டும் காட்டு" என்று கேளுங்கள்.

ஐந்தாம் செமஸ்டர் தொடங்கியவர்கள் நாளைக்கே துறைத்தலைவரிடமோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமோ போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் 140-ல் இன்னும் எத்தனை பாக்கி?" வாய்வழிப் பதில் போதாது. தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.