ஜிம்மியின் பல்லும் கோகோவின் பல்லும்

1980-களில் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் சிறிய நாய் என்றால் பெரும்பாலும் வெள்ளைப் பொமரேனியன்தான். அவற்றில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்பதை யாரும் பொருட்படுத்தியதில்லை. பெயர் ஜிம்மி, டாமி, ரோஸி. வீட்டுக்காரர் கிணற்றடியில் வேப்பங்குச்சியோ கோபால் பல்பொடியோ வைத்துப் பல் துலக்குவார்; ஜிம்மி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அதன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. நாயின் பல் என்றால் கடி. கடி என்றால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த ரேபிஸ் தடுப்பூசி 2004 வரை இந்தியாவில் புழக்கத்தில் இருந்தது. அதை நினைத்துக்கொண்டு யார் நாயின் கடைவாய்க்குள் விரலை விடுவார்கள்?

இன்று அந்த விரலில் ரப்பர் உறை போன்ற பிரஷ்ஷை மாட்டி, கோழி வாசனைப் பேஸ்ட்டைத் தடவி, கோகோ என்னும் ஷிட்ஸுவின் மேலுதட்டைத் தூக்குகிறார்கள். நாய் நடையைத் தாண்டக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் போட்ட பாட்டியே தாடையைப் பிடித்துக்கொண்டு, “ஈ காட்டுடா கண்ணு” என்கிறார். நாய்க்கு ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி போடுகிறோம். கடித்தாலும் மனிதருக்குக் கையில் நாலைந்து ஊசியோடு முடிகிறது. பல் துலக்கும் பழக்கம் வருவதற்கு முன்னால் பயம் போக வேண்டியிருந்தது.

அன்றைய பிரஷ் எலும்புதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சமைத்தால் நல்லி எலும்பு கொல்லைக்கு வரும். மத்தியானம் முழுக்க ஜிம்மிக்கு அதுவே வேலை. சைவ வீட்டு ஜிம்மிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மோர்ச் சோறும், டீக்கடைப் பொறையும்தான். இரண்டும் பல்லில் அப்பிக்கொள்ளும். எலும்பு பல்லின் மேற்பரப்பைத் தேய்த்தது உண்மை. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லை உடைத்ததும் அதே எலும்புதான். அந்தப் பல்லின் வேர் கண்ணுக்கு நேர் கீழே இருக்கிறது. உடைந்த பல்லில் சீழ் பிடித்தால் கண்ணுக்கடியில் வீங்கும். குளவி கொட்டியிருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போடுவார்கள். வீக்கம் உடைந்து வற்றும், சில மாதத்தில் திரும்ப வரும். பல்லை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து நாய்களுக்குப் பல் நோயே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. நான் நம்புவதில்லை. பார்வோவும் டிஸ்டெம்பரும் தெருவில் போன லாரியும் பல நாய்களை ஈறு கெடுகிற வயதுக்கு வர விடவில்லை.

நாய்களும் மாறிவிட்டன. 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தின் டஃபி ஒரு ஸ்பிட்ஸ். 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே நடந்த பக் வந்தது. ஊரெங்கும் பக் வாங்கினார்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். ராஜபாளையத்துக்கும் அத்தனை, பக்குக்கும் அத்தனை. முகத்தைச் சுருக்கியவர்களால் பல்லின் எண்ணிக்கையைச் சுருக்க முடியவில்லை. இடம் போதாமல் பற்கள் பக்கவாட்டில் திரும்பி ஒன்றையொன்று நெருக்குகின்றன. இடுக்கில் சோறும் முடியும் சேர்கின்றன. பொமரேனியனில் பால் கோரைப்பல் விழாமல் நின்று, புதிய பல் அதை ஒட்டியே முளைப்பது சகஜம். ஏழாவது மாதத்தில் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அழுக்குப் படலம் சில மணி நேரத்திலேயே பல்லில் படியத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாளில் எச்சிலின் கால்சியம் அதில் இறங்கி இறுகுகிறது, போர்வெல் தண்ணீரில் கிடக்கும் ஹீட்டர் கம்பியில் காரை பிடிப்பது போல. மேல் கடைவாய்ப்பல்லின் வெளிப்புறத்தில்தான் அதிகம். எச்சில் சுரப்பியின் வாய் அங்கே திறக்கிறது. ஈறோரம் பழுப்பு மஞ்சள் கோடு. அதையொட்டி ஈறு சிவந்திருக்கும். நாயின் எச்சிலில் காரத்தன்மை கூடுதல் என்பதால் சொத்தை அபூர்வம், காரை மிகுதி. ஆகவே தினமும் துலக்கினால்தான் பலன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துலக்குகிறவருக்குப் பிரஷ் தேய்வதுதான் மிச்சம்.

நம்முடைய பேஸ்ட் வேண்டாம். நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது. சில பேஸ்ட்டுகளில் இருக்கும் சைலிட்டால் அதற்கு நஞ்சு. கடையில் தொங்கும் பச்சை மெல்லும் குச்சிகளின் புதினா வாசனை வாங்குகிறவருக்காகத்தான். அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய கால்நடை வாய்நலக் கவுன்சில், அழுக்குப் படலத்தையோ காரையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருளுக்கே முத்திரை தருகிறது. பாக்கெட்டில் அதைத் தேடலாம். எலும்பை விலக்கிய அதே வீடுகள் இப்போது மான் கொம்பையும் கல் போன்ற பாலாடைக் கட்டியையும் விலை கொடுத்து வாங்குகின்றன. நகத்தால் அழுத்திப் பள்ளம் விழாத எதுவும் பல்லை உடைக்கலாம். அன்று உடைத்த எலும்பாவது இலவசம்.

பொழுது முழுக்க எதையாவது கடித்துக்கொண்டு நாய் தானே செய்த வேலையை இன்று நாம் இரண்டு நிமிடத்தில் செய்து முடிக்கிறோம். ஜிம்மிக்கு இருந்த கொல்லை கோகோவுக்கு இல்லை, பால்கனி இருக்கிறது.

மருத்துவம் இன்னும் வெகுதூரம் வந்துவிட்டது. அன்றைய கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே நாயைத் தூக்கி மேசையில் வைத்து, மயக்க ஊசி போட்டு, கையால் சுரண்டுவதோடு சரி. சென்னைக்காரர்களுக்கு மட்டும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தது. இன்று பெருநகரங்களில் தொண்டையில் குழாய் வைத்து வாயு மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, அல்ட்ராசவுண்ட் கருவியால் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்கிறார்கள். செலவு ஆயிரக்கணக்கில். மயக்கத்துக்குப் பயந்து, மயக்கமில்லாமலே சுரண்டித் தருகிறோம் என்னும் குரூமிங் கடைகளுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பல் வெளுக்கும். ஈறுக்குள் இருப்பது அப்படியே இருக்கும். என் கணக்கில் ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட மோசம் அது, வெளுத்த பல்லைப் பார்த்து மனம் ஆறிவிடுவதால்.

ஜிம்மி பத்து வயதில் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். கோகோ அப்படித் திரும்பினால் வாயைப் பார்க்கிறார்கள். ஆடும் பற்களைப் பிடுங்கிவிட்டால், புண் ஆறியதும் பெரும்பாலான சிறு நாய்கள் ஊறவைத்த சோற்றை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்கின்றன.