ரோஜாவைப் பிடுங்கு... வாழையை நடு!

வாழைமரத்தைப் பார்க்க டிக்கெட் எடுப்பீங்களா பாஸ்? 'எங்க வீட்டுக் கொல்லையிலேயே நாலு நிக்குதே!'னு சிரிக்காதீங்க. இங்கிலாந்தில், கிழக்கு சஸெக்ஸ் பகுதியில் நார்த்தியம்னு ஒரு கிராமம். அங்கே இருக்கிற 'கிரேட் டிக்ஸ்டர்' தோட்டத்தில் வாழை, கல்வாழை, ஆமணக்கு, சேம்பு எல்லாம் சூப்பர் ஸ்டார் ஆன கதை இது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள் வெள்ளைக்காரர்கள்!

கோடை முடியப்போகும் ஆகஸ்ட், செப்டம்பரில் காடு மாதிரி மண்டி நிற்கும் பூந்தோட்டம். இதை உருவாக்கியவர் கிறிஸ்டோபர் லாயிட். அப்போது அவருக்கு வயசு... 72!

ட்ராக் மாறிய மாணவர்

டிக்ஸ்டர் வீட்டை லாயிடின் அப்பா வாங்கியது 1910-ல். அதைப் புதுப்பித்து விரிவாக்கியவர் எட்வின் லட்யன்ஸ். டெல்லியில் ராஷ்டிரபதி பவனைக் கட்டினாரே, சாட்சாத் அவரேதான். அங்கிருந்த பழைய மாட்டுக்கொட்டில் முற்றத்தை ரோஜாத் தோட்டமாக வடிவமைத்ததும் அவர்தான்.

1921-ல் அந்த வீட்டிலேயே பிறந்த கிறிஸ்டோபர், கேம்பிரிட்ஜில் படித்தது மொழிப்பாடம். நடுவில் உலகப் போர் வந்து ராணுவத்துக்குப் போனார். பிறகு வை கல்லூரியில் சேர்ந்து முதலில் இருந்து தோட்டக்கலை படித்தார். 'எடுத்த குரூப் சரியில்லையோ'னு ஹாஸ்டல் மொட்டைமாடியில் புலம்புறவங்க, கொஞ்சம் நோட் பண்ணிக்கங்க! 'கன்ட்ரி லைஃப்' பத்திரிகையில் 1963-ல் தோட்டம் பற்றி எழுத ஆரம்பித்தவர், 40 வருஷத்துக்கும் மேல் வாராவாரம் எழுதினார்.

தாத்தா நட்ட மரம்

ரோஜாவில் ஒரு சிக்கல் உண்டு. பல வருஷம் ரோஜா இருந்த மண்ணில் பழைய செடியை எடுத்துவிட்டு மறுபடி ரோஜாவையே நட்டால், புதுச்செடி சவலையாக நிற்கும். டிக்ஸ்டரிலும் அதே கதைதான். 1993-ல் லாயிடும் அவருடைய தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் கேரட்டும் ஒரு முடிவெடுத்தார்கள். பெரும்பாலான ரோஜாக்களை வேரோடு பிடுங்கினார்கள்!

இங்கிலாந்தின் சின்னமே ரோஜாதான். அதிலும் லட்யன்ஸ் போட்ட தோட்டம். தாத்தா நட்ட வேப்பமரத்தை வெட்டினால் நம்ம ஊரில் என்ன பேச்சு வரும்? தோட்டப் பிரியர்கள் மத்தியில் அப்படி ஒரு சலசலப்பு.

அந்த இடத்தில் அவர் நட்டவை இன்னும் வம்பு. டீசன்ட்டான தோட்டம்னா வெள்ளை, வெளிர்நீலம், லேசான ரோஸ்னு பலர் நம்பிய காலம் அது. டேலியா, கல்வாழை எல்லாம் 'கத்துற கலர்'. லாயிட் கண்டுகொள்ளவே இல்லை. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ரோஸ், சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், பின்னால் வாழை இலை. நம்ம ஊர்த் திருவிழாப் பந்தல் எஃபெக்ட்!

உள்ளே போனா...

பாதை ஒருத்தர் போகிற அளவுதான். இரண்டு பக்கமும் செடிகள் வழியை மறிக்கும். வாழை இலை தோளில் தட்டும். தலைக்கு மேல் டேலியா. நடுநடுவே தானாக விதை விழுந்து முளைத்த வெர்பினா, ஒல்லிக்குச்சியின் உச்சியில் ஊதாப் பூவோடு ஆடும். முன்னால் போன நண்பன் நாலு எட்டில் காணாமல் போயிடுவான். இப்படி ஒரு தோட்டத்தைத் தூர நின்று 'பார்க்க' முடியாது. உள்ளே புகுந்து நனையணும்.

இதெல்லாம் ஏன் கோடையின் கடைசியில்? சிம்பிள் லாஜிக். வெப்பநாட்டுச் செடிக்குக் கடுங்குளிர் ஆகாது. அதனால் ஜூன் வாக்கில்தான் வெளியே நட முடியும். ஆனால், அங்கே ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். சென்னையில் வருஷத்தின் நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. அவ்வளவு வெளிச்சத்தையும் குடித்துவிட்டுச் செடிகள் இரண்டே மாதத்தில் ஆளுயரம் தாண்டும். மற்ற தோட்டங்கள் களைத்துப்போகிற நேரத்தில் இவங்க என்ட்ரி!

சும்மா வளராது மச்சி

'அப்படியே விட்டுட்டாங்கபோல'னு நினைச்சா, அதுதான் இந்தத் தோட்டம் நமக்குக் காட்டுற வேடிக்கை. டேலியாவில் வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால்தான் அடுத்த மொட்டு வரும். கனம் தாங்காத தண்டுக்குக் குச்சி ஊன்றிக் கட்டணும். தானாக முளைத்ததில் எது இருக்கலாம், எது போகணும்னு ஒவ்வொன்றாகப் பார்த்துக் களையணும். ஒழுங்கே இல்லாத மாதிரி தெரிய, அத்தனை ஒழுங்கான உழைப்பு!

இவ்வளவும் எத்தனை நாளைக்கு? முதல் உறைபனி விழும்வரை. ஒரே ராத்திரியில் டேலியா இலைகள் கருகித் தொங்கும். கிழங்கைத் தோண்டிப் பத்திரப்படுத்தணும். வாழைத் தண்டைப் பொதிந்து கட்டணும். அடுத்த ஜூனில் மறுபடி ஆரம்பம். அந்த வாழையும் பழம் தின்பதற்காக நட்டது இல்லை, வெறும் இலை அழகுக்கு! சில வாரச் சந்தோஷத்துக்காக வருஷம் முழுக்க உழைக்க, 72 வயசில் ஒருத்தருக்கு மனசு வந்திருக்கு.

லாயிட் 2006-ல் காலமானார். டிக்ஸ்டர் இப்போது ஓர் அறக்கட்டளையின் கையில். பல நாட்டு மாணவர்கள் அங்கே தங்கி வேலை கற்கிறார்கள். 2010-களின் கடைசியில் அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்தபோது ஓர் ஆச்சர்யம். சுற்றியுள்ள காடு, புல்வெளியை எல்லாம்விட, மனிதர்கள் நட்டு வளர்த்த பூந்தோட்டப் பகுதியில்தான் உயிர்களின் வகை அதிகமாம்! தேனீக்கும் சிலந்திக்கும் கலர் மேட்சிங் கவலை இல்லையே.

அடுத்த முறை ரயில்வே ஸ்டேஷன் ஓரத்தில் புழுதி படிந்து நிற்கும் கல்வாழையைப் பார்த்தா, ஒரு நிமிஷம் நில்லுங்க. அது ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ரோஜாவோட சீட்டையே பிடிச்ச ஆளு!