கொலு ரயிலுக்குக் குறைந்த செலவில் பவர் சப்ளை

நவராத்திரி கொலுவில் ஒரு பார்க் அமைத்து, அதைச் சுற்றி ரயில் ஓடவிடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான். திருச்செந்தூரில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ரயில் ஓடுகிறது. ஆனால் சாவி கொடுக்கும் ரயில் அல்ல. 1:87 அளவில், எச்.ஓ. என்று அழைக்கப்படும் மாடல் ரயில். என் தங்கை மகனுக்கு அமெரிக்காவில் இருந்து வந்த பரிசு. திருநெல்வேலியில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர் வழியாகத் திருச்செந்தூர் வரை ஸ்டேஷன் வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. சுமார் 60 கி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட 700 மீட்டர் வருமே! பிளைவுட் பலகை ஒன்றில் நான்கு ஸ்டேஷனோடு முடித்துக்கொண்டோம்.

பெட்டியோடு வந்த பவர் பேக்கைப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அதில் "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதை நம் பிளக்கில் செருகியிருந்தால் அங்கேயே கருகியிருக்கும். வெளிநாட்டில் இருந்து எந்தச் சாதனம் வந்தாலும் முதலில் இந்த வரியைப் படியுங்கள்.

நான் செய்த தவறு

பரணில் பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரின் உள்ளே வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். இதில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். எச்.ஓ. ரயிலுக்குத் தேவை 12 வோல்ட் டி.சி. அப்படியானால் செலவே இல்லையே என்று மஞ்சள், கறுப்பு வயர்களில் இருந்து மெல்லிய வயர் எடுத்து, ஒரு கன்ட்ரோலர் வழியாகத் தண்டவாளத்தில் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் குரும்பூர் வளைவில் இன்ஜின் தடம் புரண்டு, அதன் சக்கரம் இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே விழுந்தது. "மாமா, ரயில்ல புகை வருது!" என்று பையன் கை தட்டினான். புகை வந்தது ரயிலில் இருந்து அல்ல. பலகைக்கு அடியில் இருந்த வயரில் இருந்து. நான் ஸ்விட்சை அணைப்பதற்குள் வயரின் உறை உருகி, மேலே ஒட்டியிருந்த கலர் பேப்பரும் கருத்துவிட்டது. கன்ட்ரோலரும் போயிற்று.

ஏன் இப்படி ஆயிற்று?

வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும். வோல்ட் என்பது குழாயில் உள்ள நீரின் அழுத்தம் போன்றது. அது சாதனத்துக்குப் பொருந்த வேண்டும். ஆம்பியர் என்பது பாயும் நீரின் அளவு போன்றது. லேபிளில் உள்ள ஆம்பியர், அந்த சப்ளை அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதைக் காட்டுகிறது. சாதனம் தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். எனவே 15 ஆம்பியர் சப்ளையில் அரை ஆம்பியர் இன்ஜினை ஓட்டினால், ஓடும்வரை ஒன்றும் ஆகாது.

ஷார்ட் ஆகும்போதுதான் ஆபத்து. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பாதுகாப்பு உண்டு. ஆனால் தன் அளவைத் தாண்டினால்தான் அது அணையும். என் மெல்லிய வயர், இணைப்புகள் எல்லாவற்றின் தடை சுமார் 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 12 ஆம்பியர் பாயும். 15 ஆம்பியர் தரக்கூடிய சப்ளைக்கு இது சாதாரண வேலை! ஆனால் 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144 வாட். சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்கிவிடுகிறது அல்லவா?

எவ்வளவு ஆம்பியர் போதும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜினுக்கு அரை ஆம்பியர் என்று தாராளமாகவே வைக்கலாம். ஸ்டேஷன்களுக்குப் பத்து எல்.இ.டி. விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் தலா 10 மில்லி ஆம்பியர், மொத்தம் 0.1 ஆம்பியர். ஆக 0.6 ஆம்பியர். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரே போதும். பின்னால் இன்னொரு இன்ஜின் சேர்க்க நினைத்தால் 2 ஆம்பியர் வாங்குங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இன்டர்நெட் மோடம், சி.சி.டி.வி. கேமரா ஆகியவற்றுக்கு விற்கும் அடாப்டர்களிலேயே இது கிடைக்கும். சில நூறு ரூபாய்தான். வாங்கும்போது லேபிளில் பார்க்க வேண்டியவை:

1. இன்புட்டில் 230 வோல்ட் அடங்க வேண்டும். "100-240" என்று இருந்தால் சரி.

2. அவுட்புட் 12 வோல்ட் டி.சி. ஆக இருக்க வேண்டும். ஏ.சி. தரும் அடாப்டர்களும் உண்டு. அவை இதற்கு உதவாது. லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட், அதுவும் வேண்டாம்.

3. பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். விலை குறைவு என்று லேபிளே இல்லாததை வாங்காதீர்கள்.

இணைப்பது எப்படி?

அடாப்டரில் இருந்து வரும் பாசிடிவ் வயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். அடுத்து பி.டபிள்யூ.எம். மோட்டார் கன்ட்ரோலர், வேகத்தைக் கூட்டிக் குறைப்பது இதுதான். அதன் பிறகு டி.பி.டி.டி. ஸ்விட்ச். பாசிடிவ், நெகடிவ் இரண்டையும் இது இடம் மாற்றுவதால் ரயில் பின்னோக்கி ஓடும். விளக்குகளுக்கான வயரை ஃபியூஸுக்குப் பிறகு, கன்ட்ரோலருக்கு முன்பே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரயில் நிற்கும்போது ஸ்டேஷனும் இருண்டுவிடும்.

இவை எல்லாம் சாதாரண டி.சி. இன்ஜினுக்குத்தான். டி.சி.சி. என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதற்கென உள்ள கன்ட்ரோலரே வேண்டும்.

எங்கள் ஊர்போல் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ரயில் திக்கித் திக்கி ஓடினால் பவர் போதவில்லை என்று பெரிய சப்ளை தேடாதீர்கள். உப்புக் காற்றால் தண்டவாளத்தில் படியும் அழுக்கே பெரும்பாலும் காரணம். பிளக்கை எடுத்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் நன்றாக உலர்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். அதன் உள்ளே உள்ள கெபாசிட்டரில், பிளக்கை எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டு ரயில் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் ஓடுகிறது. குரும்பூர் வளைவில் இன்னமும் அவ்வப்போது தடம் புரள்கிறது. அடாப்டர் தானே அணைந்துகொள்ளும், அல்லது ஃபியூஸ் போகும். பையன் இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு, "மாமா, புது ஃபியூஸ் எங்கே?" என்று கேட்கிறான்.