அறிவிப்பு வந்ததும் ஓடத் தொடங்கும் கால்கள்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வெளியாகிவிட்டால் தேனி மாவட்டத்து விடியற்காலையே மாறிவிடும். தேனி விளையாட்டு அரங்கம், உத்தமபாளையம், கம்பம், போடிப் பக்கத்துப் பள்ளி மைதானங்கள், பைபாஸ் ஓரங்கள் என எங்கும் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு 60 மதிப்பெண். மூன்று நான்கு வாரம் போனதும் பலரும் ஒரே புகாரோடு நிற்பார்கள்: “ஷின் பெயின்ணே, கால் ஊன முடியல.” அதற்குக் கிடைக்கும் யோசனைகளும் பெரும்பாலும் இரண்டுதான். மைதானத்தில், “வலியோட ஓடு, பழகிடும்.” வீட்டில், “ஒரு மாசம் பேசாமப் படு.” இரண்டுமே எலும்பு தன்னைச் சீர்செய்துகொள்ள எடுக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்காத யோசனைகள்.

எலும்பின் கால அட்டவணை

ஷின் பெயின் என்பது இதுதான்: முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், காலின் உள்பக்க எலும்பு விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தால், கீழ்ப்பகுதியில் நாலைந்து விரற்கடை நீளத்துக்கு வலி பரவியிருக்கும். ஓட ஆரம்பிக்கும்போது குத்தும், உடம்பு சூடேறியதும் மட்டுப்படும், ஓடி முடித்தபின் மறுபடி தலைகாட்டும். சதைப்பிடிப்பு என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். உண்மையில் பாதிப்பின் பெரும்பங்கு எலும்புக்குத்தான். ஒவ்வொரு அடிக்கும் கணைக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. 5 கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் ஏறத்தாழ 2,500 தடவை. புதிய சுமை வந்தால் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் பழைய பகுதியை அரித்து எடுத்த பிறகுதான் புதிதாகக் கட்டும். சாலையைக் கொத்திப் போட்டுவிட்டுத் தார் ஊற்றுகிற வேலை போல என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் நாட்களில் அது முன்பைவிடப் பலவீனமான சாலை. அரித்தெடுக்கச் சில வாரங்கள் போதும். நிரப்பி இறுகுவதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். வலி ஏன் மூன்றாம், நான்காம் வாரத்தில் வருகிறது என்பதற்கு இதுவே நல்ல விளக்கம். கெண்டைச் சதை எலும்புறையைப் பிடித்து இழுப்பதால் வருகிறது என்ற பழைய விளக்கமும் முழுக்கத் தள்ளுபடியாகிவிடவில்லை. இருந்தாலும், 2001-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இந்த வலி உள்ள விளையாட்டு வீரர்களின் காலை அளந்தபோது, வலிக்கும் இடத்தில் எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. வலி தீர்ந்தபின் அடர்த்தி திரும்பிவிட்டதை 2003-இல் வெளியிட்டார்கள். பழகப் பழகச் சரியாகும் என்பவர்களுக்கு இதுவே பதில். எலும்பு பழகும், ஆனால் அதற்கு அவகாசம் கொடுத்தால்தான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். நம் தாத்தா காலத்தில் வெறுங்காலோடு மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தார்களே, அவர்களுக்கு இதெல்லாம் வந்ததா? அவர்களுடைய கால் ஏழெட்டு வயதிலிருந்தே சுமைக்குப் பழகியது. இன்று ஓடுகிற பிள்ளையோ பிளஸ் டூ, டிகிரி, கோச்சிங் வகுப்பு என்று வருஷக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, அறிவிப்பு வந்த மறுநாளே பத்துச் சுற்று ஓடுகிறது. ஓடிப் பழகிய ஆண்டுகள் குறைவாக இருப்பது இந்த வலிக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியக் கடற்படையின் புதிய பயிற்சியாளர்களை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில், பத்து வாரப் பயிற்சிக்குள் மூன்றில் ஒருவருக்கு இந்த வலி வந்தது. பெண்களிடம் அது இன்னும் அதிகம்.

படுப்பதா, ஓடுவதா

ஒரு மாதம் படுத்தால் வலி போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் படுத்திருந்த எலும்பு சுமையை மறந்துவிடும். எழுந்ததும் பழைய வேகத்தில் ஓடினால் வலி அதே இடத்தில் வந்து நிற்கும். தேவையானது சுமையைக் குறைப்பது. சாதாரணமாக நடக்கும்போதே வலித்தால் ஓட்டத்தை முழுதாக நிறுத்த வேண்டும். நடக்கையில் வலி இல்லை, ஓடினால்தான் வலிக்கிறது என்றால், ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கிற அளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். பத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவில் லேசான வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் முந்தைய ஓட்டம் அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம். வாரத்துக்குப் பத்து சதவீதம்தான் கூட்ட வேண்டும் என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களிடம் அதைச் சோதித்தபோது காயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆகவே விதியைவிட மறுநாள் காலையில் கால் எப்படி இருக்கிறது என்று கவனிப்பதே நம்பகமானது.

கூடவே கெண்டைச் சதையைப் பலப்படுத்த வேண்டும். வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கினால் போதும். முழங்காலை நீட்டியும் லேசாக மடக்கியும் இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். எட்டி எட்டிப் போடும் நீள அடியைச் சற்றுக் குறைத்து, அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொரு அடியிலும் எலும்பு வாங்கும் அதிர்ச்சி குறையும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்குப் போகும் மலைப்பாதையில் ஏறுவது நுரையீரலுக்கு நல்ல வேலை. ஓடி இறங்குவதை இந்தச் சமயத்தில் விட்டுவிடலாம்.

“இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு”

இதுதான் வலுவான ஆட்சேபம். எலும்புக்கு நான்கு மாதம் வேண்டும் என்று கட்டுரை எழுதலாம், தேர்வுத் தேதி காத்திருக்காது. நெதர்லாந்தில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வலி உள்ளவர்கள் படிப்படியான ஓட்டத்திட்டத்தை முடிக்கவே சராசரியாக 100 நாளுக்கு மேல் ஆனது. அப்படியானால் ஆறு வாரத்தில் என்ன செய்ய முடியும்? மூச்சையும் இதயத்தையும் இழக்காமல் காப்பாற்ற முடியும். ஓடிப் பழகிய ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்து, 6 வாரம் சிலரை ஓடவும், சிலரைச் சைக்கிள் மிதிக்கவும், சிலரை ஆழமான தண்ணீரில் மிதந்தபடி ஓடவும் வைத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1993-இல் வந்தது. கடைசியில் 2 மைல் ஓட்டத்தில் மூன்று குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் பல வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. அதை எடுத்துத் துடைத்து, உத்தமபாளையத்திலிருந்து கூடலூர்ப் பக்கம் மூச்சு வாங்க வாங்க மிதித்தால் கணைக்கால் எலும்புக்கு அதிர்ச்சியே இல்லை. நீச்சலும் நல்லதுதான், கிணற்றிலோ குளத்திலோ. தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாளில் முல்லைப் பெரியாற்றில் இறங்குவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

இன்னொன்று: 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுவது என்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. அதற்காகத் தினம் பத்துக் கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓட வேண்டிய அவசியமே இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குறைந்த தூரத்தைத் தேவையான வேகத்தில் ஓடி, மற்ற நாளில் சைக்கிள் மிதித்தாலே பலர் அந்த நேரத்தைத் தொட்டுவிடுவார்கள். தூரத்தைத் தண்டனையாகக் கொடுக்கும் பழக்கம்தான் பல கால்களைக் கெடுக்கிறது.

எண்ணெய், மாத்திரை, ஷூ

எண்ணெய் போட்டு நீவுவது இதமாக இருக்கும். எலும்பு விளிம்பில் அழுத்தி நீவினால் வலி கூடும். 1974-இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி மாணவர்களிடம் ஓய்வோடு ஆஸ்பிரின், வேறொரு வலி மாத்திரை, நீட்டல் பயிற்சி, மாவுக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் ஓய்வைவிட எதுவும் சீக்கிரம் குணப்படுத்தவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது எச்சரிக்கை மணியை அறுத்துப் போடுகிற வேலை. தேய்ந்த ஷூவை மாற்றலாம், விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை. கால்வாய்க் கரை மண்பாதை தார்ச்சாலையைவிடப் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் உண்டு. தரைக்குத் தக்கபடி கால் தன் விறைப்பை மாற்றிக்கொள்வதால் அந்த லாபம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

வெறும் வயிறும் குறைந்த தூக்கமும்

இதைப் பற்றி மைதானத்தில் யாரும் பேசுவதில்லை. ஒரு டம்ளர் டீயோடு ஓடி, காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு எலும்பு கட்டத் தேவையான சத்து எங்கிருந்து வரும்? அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 5,201 பெண்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் பெற்றவர்களுக்கு அழுத்த முறிவு (தொடர்ந்த சுமையால் எலும்பில் விழும் விரிசல்) 20 சதவீதம் குறைந்தது. நமக்குக் கேழ்வரகுக் கூழும் மோரும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இஸ்ரேல் ராணுவத்தில் பயிற்சி நடையைக் குறைத்து, ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியபோது அழுத்த முறிவு பாதிக்கு மேல் குறைந்தது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கினால், ஓட்டத்துக்கு ஈடான சாப்பாடு இல்லை என்பதற்கு அது முக்கியமான அறிகுறி. எலும்பும் அந்தக் கட்டத்தில் மெலியும். கூச்சப்பட்டு மறைக்காமல் அம்மாவிடமோ பயிற்சியாளரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும்.

எப்போது மருத்துவரிடம்

வலி பரவியிருக்காமல் கட்டைவிரல் அகலத்தில் ஒரே புள்ளியில் குத்தினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் விண்விண்ணென்றாலோ, அந்த ஒற்றைக் காலில் குதிக்க முடியவில்லை என்றாலோ அது அழுத்த முறிவாக இருக்கலாம். ஓடும்போது கால் கல் போல இறுகிப் பாதம் மரத்துப்போனால் அது வேறு நோய். அதற்கும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது எத்தனை வாரமாக, எவ்வளவு தூரம் ஓடினீர்கள், எப்போது தூரத்தைக் கூட்டினீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் கணக்கிலிருந்தே மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் அழுத்த முறிவு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று அன்று மாலையே மைதானத்துக்குத் திரும்பிவிடாமல், வலி தொடர்ந்தால் மறுபடி காட்டி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.